கொலிஜ் ஃபுட்போல்

எர்லாங்கன்
6.4.1986

அன்புத் தங்கச்சி ஜெயமலருக்கு,

நானும் என் வீங்கிய முழங்காலும் சுகம். அம்மாவிடம் முழங்காலைச் சொல்லாதே.

ஜூன் 14இல் எங்கள் அமெரிக்கன் ஃபுட்போல் அணி உங்கள் ஆஹெனில் விளையாடுகிறது. இந்த ஜெர்மனியில் அகதி விண்ணப்பக்காரன் மாவட்டம் தாண்டக்கூடாதல்லவா? கிளப்பே எனக்கு அனுமதி கேட்டிருக்கிறது. இரண்டு வருடத்துக்குப் பிறகு உங்களைப் பார்ப்பேன்!

நான் ரன்னிங் பேக். பந்தைக் கையில் வாங்கிக்கொண்டு எதிரிகளுக்கு நடுவால் ஓடுபவன். சேர்ந்த கதையைக் கேள். அமெரிக்கக் கோச், "கொலிஜ் ஃபுட்போல் விளையாடினியா?" என்றார். "ஓம், நாலு வருஷம், வலது பக்கம்" என்றேன். உடனே தலைக்கவசத்தைத் தந்துவிட்டார். இப்போது தினமும், "கொலிஜில படிச்சதெல்லாம் மறந்திட்டியா, ரூடி?" என்று ஏச்சு. இது நமக்குள் இருக்கட்டும்.

அன்பு அண்ணை,
உருத்திரமூர்த்தி (இங்கே ரூடி)

ஆஹென்
13.4.1986

அன்புள்ள அண்ணைக்கு,

நகர நூலகத்தில் அந்த விளையாட்டின் விதிப் புத்தகத்தை எடுத்து, அகராதியோடு வாசித்து முடித்தேன்.

அமெரிக்கர்களுக்குக் கொலிஜ் என்றால் பல்கலைக்கழகம், எங்களுக்குப் பள்ளிக்கூடம். அவர்களுக்கு ஃபுட்போல் அந்த முட்டைப் பந்து, எங்களுக்கு உதைபந்து. நீங்கள் ஓமென்ற இரண்டு சொல்லும் தனித்தனியே உண்மை, சேர்த்தால் பொய். பிழையாக விளங்கியது அவர். அப்படியே விட்டுவைத்தது நீங்கள்.

அகதி விசாரணையில் நாங்கள் நடந்ததைத்தான் சொன்னோம், அவர்கள் நம்பவில்லை. உங்களை நம்புகிற ஒருவர் கிடைத்திருக்கிறார். அவரிடம் பொய்யை விட்டுவைக்கலாமா?

சொல்லிவிடுங்கோ. அணியை விட்டு நிறுத்தினால் ஆஹெனுக்கு வர ஏலாது என்று எனக்குத் தெரியும். இதை எழுதும்போது இரண்டு தரம் பேனையை வைத்துவிட்டேன். அம்மா பிட்டுக்கு இப்போதே மா வறுக்கப் பார்க்கிறார். அம்மாவை நான் சமாளிப்பேன்.

உங்கள் தங்கை,
ஜெயமலர்

எர்லாங்கன்
4.5.1986

என் வாத்தியாரம்மாவுக்கு,

உன்னோடு கோபித்துக்கொண்டு பத்து நாள் எழுதாமல் இருந்தேன். பிறகு போய்ச் சொன்னேன். கோச் தொப்பியைக் கழற்றி நிலத்தில் எறிந்தார்.

"அப்ப மாசிக்கு முந்தி நீ இந்தப் பந்தைத் தொட்டதே இல்லையா?"

"இல்லை."

"அட, மூண்டு மாசத்தில படிச்சவனைப் போய் நான் மறதிக்காரன் எண்டு ஏசினேனே!"

சிரித்தார். ஆனால் என் இடத்தை இங்குள்ள படைமுகாமின் ஓர் அமெரிக்கச் சிப்பாய்க்குக் கொடுத்துவிட்டார். நான் மாற்று ஆள். "பொய்க்குத் தண்டனை இல்லை, உனக்கு இன்னும் பாடம் கிடக்கு" என்றார். அனுமதி கிடைத்துவிட்டது, பஸ்ஸில் இடமும் உண்டு. மைதானத்தில் கிடைக்குமோ தெரியாது. அதனால் காலையில் தனியாகவும் ஓடுகிறேன்.

மாவை வறுக்கச் சொல்.

அண்ணை

ஆஹென்
15.6.1986

அன்புள்ள அண்ணைக்கு,

உங்கள் பஸ் எர்லாங்கன் போய்ச் சேருமுன் இதை எழுதத் தொடங்கினேன். அம்மா தந்துவிட்ட பிட்டுப் பெட்டியைத் தபாலில் திருப்பி அனுப்பாதீர்கள். அடுத்த ஆட்டத்துக்கு நீங்களே கொண்டுவாருங்கோ.

அந்தச் சிப்பாய்க்குக் கால் சுளுக்கியதும் நீங்கள் உள்ளே ஓடினீர்களே, அப்போது எங்கள் பக்கம் நடந்தது உங்களுக்குத் தெரியாது. முதல் ஓட்டத்திலேயே உங்கள்மேல் மூன்று பேர். அம்மா எழும்பிக் கத்தினார்.

"ஐயோ, என்ர பிள்ளையை விழுத்திப்போட்டாங்கள்!"

"அம்மா, பந்தைப் பாருங்கோ. அண்ணை விடேல்லை."

"அப்ப திரும்ப முதல்ல இருந்தோ?"

"இல்லை அம்மா. விழுந்த இடத்தில இருந்துதான் தொடங்குவினம்."

அம்மா யோசித்தபடி உட்கார்ந்தார். அதற்குப் பிறகு நீங்கள் விழுந்த ஒவ்வொரு தரமும் அந்த மைதானத்தில் கைதட்டிய ஒரே ஆள் அவர்தான்.

உங்கள் தங்கை,
ஜெயமலர்