கட்டம் போட்ட துணி

மார்ச் 4

வாலுக்குட்டிக்கு,

இங்கே எல்லோரும் சுகம். நீ நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா, இல்லை உன் ஆய்வுக்கூடத்து எலிகள் மட்டும்தான் சாப்பிடுகின்றனவா?

நீ கேட்ட சட்டை இன்னும் முடியவில்லை, திட்டாதே. நீ அனுப்பிய கட்டம் போட்ட துணி படுமோசம். நெய்தவன் தூங்கி வழிந்திருப்பான் போல, கோடெல்லாம் நடுவில் நெளிகிறது. இழுத்துச் சரிசெய்து தைத்தால் தையலும் நெளிகிறது. பிரித்தேன், தைத்தேன், மறுபடி பிரித்தேன். தையலே பிழைப்பாக இருப்பவளை ஒரு துணி இப்படியா பாடாய்ப்படுத்தும்? எல்லாம் நேராகத்தான் இருக்கிறது என்கிறார் உன் அத்தான். சட்டைப் பொத்தானையே மாற்றிப் போடுகிற மனிதருக்கு என்ன தெரியும்?

அக்கா

மார்ச் 8

அன்புள்ள அக்கா,

கண் டாக்டரிடம் உடனே நேரம் வாங்கச் சொல்லி அத்தானுக்குப் போன் போட்டுவிட்டேன். காரணம் தெரியாமல் நீ அசையமாட்டாயே, அதற்குத்தான் இந்தக் கடிதம்.

அந்தத் துணியில் மிச்சத் துண்டு என்னிடம் இருக்கிறது. அதில் கோடு நேர்தான். ஒவ்வொரு கண்ணாகப் பொத்திக்கொண்டு பார், எந்தக் கண் பொய் சொல்கிறது என்று தெரிந்துவிடும். விழித்திரைக்கு அடியில் வயதாக ஆகக் கழிவு சேரும். அதை அகற்ற உடம்பு போராடுவதில் அந்த இடமே அழற்சியாகிவிடும். சிலருக்கு அங்கே வேண்டாத ரத்தக்குழாய் முளைத்துக் கசியும். அம்மாவுக்குக் கடைசியில் நம் முகம் தெரியாமல் போனதே, அதுவாகத்தான் இருக்கும். தாமதித்தால் போன பார்வை திரும்பாது. எனக்குப் பயமாக இருக்கிறது.

தங்கை

ஏப்ரல் 20

வாலு,

இடது கண்தான் பொய்க்காரி. கண்ணுக்குள்ளேயே ஊசி போட்டார்கள். பயந்த அளவு வலிக்கவில்லை. கசிவு குறைந்திருக்கிறதாம், மாதாமாதம் வரச் சொல்லியிருக்கிறார்கள்.

தினமும் கீரை, வாரம் இரண்டு நாள் மீன். போனது அதனால் திரும்பாது, இருப்பதைக் காக்க உதவலாம் என்றார் டாக்டர். கீரையைக் கண்டாலே கட்டிலுக்கு அடியில் ஒளிந்தவள் நீ, இன்று உன்னால் நான் ஆடு மாதிரி மேய்கிறேன். என் கண்ணுக்குப் புகை ஆகாதென்று அத்தானும் சிகரெட்டை விட்டுவிட்டார், உம்மென்று இருக்கிற அந்த முகத்தைத்தான் பார்க்க முடியவில்லை.

பாவம், அந்த நெசவாளியை என்னவெல்லாம் திட்டினேன்! சட்டையை முடித்து அனுப்பியிருக்கிறேன். இடது கண்ணுக்கு இன்னும் லேசாக நெளிகிறது. இத்தனை நாள் உன்னிடம் கேட்டதில்லை, இப்போது கேட்கிறேன்: நேராக வந்திருக்கிறதா? கெட்டுப்போயிருந்தால் கடையை மூடிவிடுவேன். என் மனம் நோகுமே என்று பொய் சொல்லாதே.

அக்கா

மே 2

அக்கா,

சட்டையை மேசையில் விரித்து, அளவுகோல் வைத்தே பார்த்தேன். முதுகு நேர். தோளில் கட்டத்தோடு கட்டம் பொருந்துகிறது. இடது பாக்கெட் மட்டும் அரைக் கட்டம் இறங்கியிருக்கிறது. அதைப் பிரிக்க உன்னிடம் தரமாட்டேன், இப்போது அதைப் போட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன்.

கடையைத் திறந்தே வை. அடுத்த சட்டைக்குத் துணி அனுப்பியிருக்கிறேன். இதுவும் கட்டம்தான்.

உன் வாலு