பர்ன்சைட் கல்யாணம், மூன்றாம் முறை

நெதி பிரிட்ஜ்
மார்ச் 3, 1974

அன்புள்ள எஃபிக்கு,

நலமா? உன் அக்காவின் இருமல் எப்படி இருக்கிறது? இங்கே பனி விட்டபாடில்லை. காட்டில் மரம் வெட்டும் வேலையும் நின்று கிடக்கிறது.

நீ இன்வர்னஸுக்குப் போன பிறகு எடின்பரோ ஒலிப்பதிவில்தான் உன்னைப் பார்த்தேன். முடிந்ததும் ஒரு வாய் தேநீர்கூடக் குடிக்காமல் கிளம்பிவிட்டாய். கணவன் என்று வேண்டாம், கூட வாசித்தவன் என்றாவது நின்றிருக்கலாம்.

போகட்டும். பிரிங்கிள் எழுதியிருக்கிறார். 'பர்ன்சைட் கல்யாணம்' மெட்டை மூன்று முறை வாசித்தோமே, அதில் மூன்றாவதைத்தான் இசைத்தட்டில் போடப்போகிறாராம். எனக்குச் சம்மதமில்லை. இரண்டாவதுதான் என் வாசிப்பு, வயலினில் வில் பறக்கிறது. மூன்றாவதில் நீ வேண்டுமென்றே பியானோவை இழுத்துப் பிடித்தாய். நான் உன் பின்னால் வரவேண்டியதாயிற்று. இருவரும் கேட்டால் மாற்றுவாராம். உடனே அவருக்கு இரண்டு வரி எழுது.

அன்புடன்,
லாக்லன்


இன்வர்னஸ்
மார்ச் 9

அன்புள்ள லாக்லனுக்கு,

அக்காவுக்குத் தேவலை. ரொட்டிக்கடையில் எனக்கு வேலை நிரந்தரமாகிவிட்டது.

பிரிங்கிளுக்கு நான் எழுதமாட்டேன். ஸ்ட்ராத்ஸ்பே நடன மெட்டு என்பது ஓட்டப்பந்தயம் இல்லை. வெட்டினாற்போல ஒரு குட்டைச் சுரம், அதன் மேல் சாய்ந்துகொள்ள ஒரு நீண்ட சுரம். நீ ஓடும்போது அந்தக் குட்டைச் சுரம் நசுங்கிப்போகிறது. ஓடுகிறாய் என்பது உனக்குத் தெரிவதில்லை, நான் பிந்துகிறேன் என்றுதான் தெரிகிறது. உடனே பூட்ஸால் தரையை உதைக்கிறாய். இரண்டாவது பதிவில் அந்த உதைதான் பியானோவைவிடப் பெரிதாகக் கேட்கிறது.

கிராண்டவுன் நடனக் கூடத்தில், அத்தனை பேர் முன்னால், "ஏய் எஃபி, தூங்கிட்டியா? யாராச்சும் அவள எழுப்பி விடுங்கப்பா!" என்றாயே. கூடமே சிரித்தது. நானும் சிரித்தேன். பிறகு உன் வேகத்துக்கே ஓடினேன்.

மூன்றாவது முறை நீ உதைத்தாய், நான் அசையவில்லை. அவ்வளவுதான் நடந்தது.

எஃபி


நெதி பிரிட்ஜ்
மார்ச் 16

எஃபி,

விளையாட்டுக்குச் சொன்னதையெல்லாம் சேர்த்து வைத்திருக்கிறாய். தட்டை வாங்குகிறவன் என் வில்லுக்காகத்தான் வாங்குகிறான், உன் 'டம் டம்'முக்காக அல்ல. நீ எழுதாவிட்டால் கார்பிரிட்ஜ் ஜெஸ்ஸியை வைத்து மறுபடி பதிவு செய்யச் சொல்வேன். அவள் நான் சொன்னபடி வாசிப்பாள்.

லாக்லன்


இன்வர்னஸ்
மார்ச் 20

லாக்லனுக்கு,

ஜெஸ்ஸி நல்ல பெண். தாராளமாக வாசிக்கட்டும். மூன்றாவது பதிவு இல்லையென்றால் தட்டின் அட்டையில் என் பெயர் எங்குமே வேண்டாம் என்று பிரிங்கிளுக்கு எழுதிவிட்டேன். இனி உன் இஷ்டம்.

எஃபி


நெதி பிரிட்ஜ்
ஏப்ரல் 7

அன்புள்ள எஃபிக்கு,

இதை எழுத இரண்டு வாரமாக உட்கார்ந்து எழுந்து கொண்டிருக்கிறேன்.

பிரிங்கிள் இரண்டு பதிவுகளையும் டேப்பில் அனுப்பினார். தபால்காரர் வாட்டியிடம் டேப் பெட்டி இருக்கிறதே, அதைத் தூக்கி வந்தார். என் பக்கம் பேசுவார் என்றுதான் கூப்பிட்டேன். முதலில் இரண்டாவதைப் போட்டோம். "நல்லாத்தான் இருக்கு. ஆனா எந்தப் பஸ்ஸப் பிடிக்க இப்பிடி ஓடுற?" என்றார். பிறகு மூன்றாவது. மனிதர் குடித்துக்கொண்டிருந்த தேநீரைக் கீழே வைத்துவிட்டார். "யாரப்பா இது? நீயா? நீ மூச்சு விட்டு வாசிச்சு இன்னைக்குத்தான் கேக்குறேன்."

அவர் போனபின் தனியே மறுபடி போட்டேன். குட்டைச் சுரம் ஒவ்வொன்றும் சுள்ளென்று விழுகிறது. என் கையில் அது இருந்தது எனக்கே தெரியாது. நீ பிடித்து நிறுத்திய இடத்தில்தான் அது வெளியே வந்திருக்கிறது.

மூன்றாவதையே போடச் சொல்லி எழுதிவிட்டேன். அட்டையில் இரண்டு பெயரும் ஒரே அளவு எழுத்தில், பக்கத்துப் பக்கத்தில்.

வீட்டுக்கு வா, எஃபி. இனி உதைக்கமாட்டேன்.

உன்
லாக்லன்


இன்வர்னஸ்
ஏப்ரல் 14

அன்புள்ள லாக்லனுக்கு,

உன் கடிதத்தைக் கடைக்குப் பின்புறம் மாவு மூட்டை மேல் உட்கார்ந்து படித்தேன். அழுதேன். அது உனக்குத் தெரியட்டும்.

ஆனால் வரமாட்டேன். கோபத்தில் சொல்லவில்லை, கோபம் போய்விட்டது. பதினோரு வருடம் உன் பக்கத்திலேயே உட்கார்ந்து இதைத்தான் சொன்னேன். உனக்குக் கேட்கவில்லை. வாட்டியும் ஒரு பெட்டியும் சொன்னதும் கேட்டுவிட்டது. வீட்டில் தினமும் அந்தப் பெட்டியை எங்கே வைப்பது?

அந்த மூன்றாவது பதிவில் நீ வாசித்ததைப் போல நம் பக்கத்து ஊர்களில் யாரும் வாசித்ததில்லை. அதில் எனக்குச் சந்தேகமே கிடையாது. பிரிங்கிள் இன்னொரு தட்டு கேட்டால் ஒரு வரி எழுது. வருகிறேன், வாசிக்கிறேன். முடிந்ததும் உன்னோடு உட்கார்ந்து தேநீர் குடிக்கிறேன். பிறகு என் பேருந்தில் ஏறிக்கொள்வேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

எஃபி