புளிப்பு வாடை இல்லாத தலையணை உறை

என் செல்லச் சிட்டுக்கு அம்மா எழுதுவது. நானும் உன் அப்பாவும் ஒரே வீட்டில், ஒருவரோடு ஒருவர் பேசிக்கொண்டு சுகமாக இருக்கிறோம், போன மாதம் கேட்டிருந்தால் இதில் பாதியைக்கூட என்னால் உறுதியாகச் சொல்லியிருக்க முடியாது. நீயும் அங்கே நலமாக இருக்க வேண்டும், இருக்கிறாயா என்பது உனக்குத்தான் வெளிச்சம்.

விஷயம் இதுதான். உன் அப்பா சாப்பாட்டு டப்பாவைக் கழுவிக்கொண்டு வர ஆரம்பித்தார். முப்பத்தொரு வருஷமாகத் தண்ணீர் குடித்த டம்ளரைக்கூட எடுத்து வைக்காத மனுஷர் பளபளவென்று துடைத்த டப்பாவை நீட்டினால் எனக்கு என்ன தோன்றும்? ராத்திரி சாப்பிடக் கூப்பிட்டால், "கடையிலயே ஏதோ சாப்பிட்டேன், வயிறு திம்முனு இருக்கு" என்பார். வயிறு திம்மென்று இருக்கிறவர் பெல்ட்டில் எதற்கு ஆணியால் புதிதாக இரண்டு ஓட்டை போட்டுக்கொள்கிறார்? உடம்பை இளைக்க வைக்கிறார், யாருக்காக என்று என் மனசு குடைந்தது. அவர் லென்ஸ் தேய்க்கிற கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிக்க ஒரு பெண் வந்திருக்கிறாள் என்று உனக்கு எழுதியிருந்தேன் அல்லவா, "நல்ல மாதிரி" என்று அவளைப் பற்றி இவர் இரண்டு தடவை சொல்லியிருந்தார், நான் எண்ணி வைத்திருந்தேன். போதாக்குறைக்கு ஒருநாள் காலையில் படுக்கையை உதறும்போது தலையணை உறையில் ஈரக்கறை, அதில் ரொட்டித் துணுக்கு, மென்றது மென்றபடி. முகர்ந்து பார்த்தேன், புளிப்பு வாடையே இல்லை. வயிற்றுக்குப் போய்த் திரும்பியிருந்தால் அமிலம் பட்டுப் புளித்திருக்கும், பதினாறு வருஷமாக ஆஸ்பத்திரியில் எண்டோஸ்கோப்பிக் குழாய் கழுவுகிற எனக்கு அந்த வாடை தெரியாதா? ஆக வாந்தி இல்லை, யாரோ கொடுத்தனுப்பிய ரொட்டியைப் படுக்கையில் ஒளித்துத் தின்கிறார் என்று முடிவு கட்டினேன். என் மூக்கு உள்ளதைத்தான் சொன்னது, புத்திதான் அதைக் கோணலாகக் கேட்டது.

அரை நாள் லீவு போட்டுவிட்டு அவர் கடைக்கு எதிரே மருந்துக் கடை வாசலில், எடை பார்க்கும் இயந்திரத்துக்குப் பின்னால் போய் நின்றேன். மருந்துக் கடைக்காரர் "இன்னொரு தடவ எடை பாக்கணுமாம்மா?" என்று மூன்று முறை கேட்டுவிட்டார். ஒரு மணிக்கு உன் அப்பா நான் கட்டிக் கொடுத்த டப்பாவை அப்படியே வாட்ச்மேனிடம் கொடுத்தார். கண்ணாடிச் சுவருக்கு உள்ளே ஸ்டூலில் உட்கார்ந்து ஒரு டம்ளர் பாலை எடுத்தார். ஒரு வாய் குடித்ததும் எழுந்து, இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கி, நெஞ்சை நிமிர்த்திக் கண்ணை மூடிக்கொண்டு நின்றார், பிறகு இன்னொரு வாய். அந்தப் பெண் வந்து முதுகைத் தடவிக் கொடுத்தாள். எனக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. விடுவிடுவென்று உள்ளே போய், கண்ணாடி வாங்க வந்தவர்கள் இருப்பதையும் பார்க்காமல், "எத்தன நாளா நடக்குது இது?" என்று கத்தினேன். அவள் கொஞ்சமும் பதறவில்லை. "ஒரு வருஷத்துக்கு மேலயே ஆச்சுக்கா. முழுங்கினா நெஞ்சுலயே நிக்குதாம், தண்ணிகூட கையத் தூக்கி நிமிந்து நின்னாத்தான் இறங்குதாம். டாக்டர்கிட்ட போங்கன்னு சொல்லிச் சொல்லி என் வாய்தான் வலிக்குது. உங்களுக்குத் தெரியாதா?" என்றாள். அங்கேயே பூமிக்குள் போய்விடலாம் போல இருந்தது. வீட்டுக்குத் திரும்பும் வழியில், ஏன் மறைத்தீர்கள் என்று உன் அப்பாவைப் பிடித்துக்கொண்டேன். "நீதான சொன்ன, சாப்பாடு அடைச்சும் தள்ளிப்போட்டு வர்றவங்கள்ல பாதிப் பேர் பொழைக்கறதில்லன்னு. உன் வாயாலயே எனக்கு அதக் கேக்க வேணாம்னு இருந்தேன்" என்றார். சாப்பிட உட்காரும்போதெல்லாம் ஆஸ்பத்திரிக் கதை பேசிய நாக்கை என்ன செய்வது சொல்.

அந்த வாரமே பரிசோதனை. குழாயை நானே கழுவினேன், வழக்கத்தைவிட இரண்டு மடங்கு நேரம். எத்தனையோ பேருடைய வயிற்றைத் திரையில் பார்த்தவள், அன்று டாக்டர் முகத்தை மட்டும் பார்த்துக்கொண்டு நின்றேன், டாக்டர்கள் முகம் ஒன்றையும் காட்டாது என்று தெரிந்தும். கடைசியில் அவரே "திரும்பிப் பாருங்கம்மா" என்றார். சுருங்கி விரிந்து உணவைக் கீழே தள்ள வேண்டிய உணவுக்குழாய் தொளதொளவென்று பை மாதிரி ஆகியிருந்தது, முந்தின நாள் குடித்த பால் அதிலேயே தேங்கிக் கிடந்தது. தலையணையில் கிடந்த ரொட்டியும் வயிற்றை எட்டாமல் இங்கிருந்தே திரும்பியதுதான், அதனால்தான் புளிக்கவில்லை. விழுங்கும்போது தளர்ந்து வயிற்றுக்கு வழி விட வேண்டிய அதன் அடிவாய் இறுகி மூடியிருந்தது. மெல்ல அழுத்தியதும் டாக்டர் கையிலிருந்த குழாய் அதைத் தாண்டி வழுக்கி உள்ளே போய்விட்டது. இரைப்பை மடிப்பெல்லாம் சுத்தம், அதைத் தாண்டிச் சிறுகுடல் தொடங்கும் இடத்தில் பித்தநீர் மஞ்சளாக வந்துகொண்டிருந்தது. கட்டி இல்லை. சதைத் துணுக்கு எடுத்து அனுப்பியதிலும் ஒன்றுமில்லை என்று வந்தது, நான் நம்பாமல் இரண்டாம் தடவை போய்க் கேட்டேன். பிறகு ஒரு பலூனை உள்ளே விட்டு அந்த வாயை விரித்துவிட்டார்கள். கொஞ்ச நாள் கழித்து அரை ரொட்டி தின்றார், கையைத் தூக்காமல். எதிரே உட்கார்ந்து அவர் தொண்டையையே பார்த்தேன். "இப்படி மொறச்சுப் பாத்தா இறங்கறதும் நின்னுடும்" என்றார். அந்தப் பெண்ணிடம் மன்னிப்புக் கேட்கப் போனேன், அவள் என்னை உட்கார வைத்துக் கண்ணைப் பரிசோதித்துவிட்டு, "தூரத்துல இருக்கறது நல்லாத் தெரியுது, கிட்டத்துல இருக்கறதுதான்க்கா உங்களுக்குத் தெரியல" என்றாள். வேண்டுமென்று சொன்னாளா என்று இன்னும் யோசிக்கிறேன்.

இப்போது உன்னிடம் வருகிறேன். "சின்னவளுக்குத் தெரியும்" என்று அப்பா உளறிவிட்டார். பாலில் கலக்கும் சத்து மாவு என்று அவருக்கு மட்டும் நீ பார்சல் அனுப்பியதன் அர்த்தம் அப்போதுதான் விளங்கியது. அம்மா பயப்படுவாள் என்று மறைத்தீர்களாம். பயந்திருந்தால் ஒரு வருஷம் முன்பே அவர் சாப்பிட்டிருப்பார். ஒன்றை மறைக்கத் தெரிந்தவள் இன்னொன்றையும் மறைப்பாள், நான் கேட்கும் முன்பே "சாப்பிட்டுட்டேன்மா" என்று நீ முந்திக்கொள்வது எனக்குப் பிடிக்கவில்லை. நூறு வருஷம் நோய்நொடி இல்லாமல் இரு, வேளைக்குச் சாப்பிடு, அவசரமாக விழுங்காதே. இனி போன் செய்யும்போது எதையாவது மென்றுகொண்டே பேசு, மரியாதைக் குறைவு என்று நினைக்க மாட்டேன். நீ விழுங்குகிற சத்தம் எனக்குக் கேட்க வேண்டும்.

முத்தங்களோடும் தீராத சந்தேகத்தோடும்,
உன் அம்மா