பட்டியலில் இல்லாத சட்டை

இன்று காலை கிருமி வளர்க்கும் பிளேட்டைத் திறந்தேன். இளஞ்சிவப்பில் கொழகொழவென்று வளர்ந்திருந்த கிருமிகளை நுனி வளைந்த லூப்பால் தொட்டுத் தூக்கினேன். இழை அறுபடாமல் விரல் நீளம் வந்தது. "கம்பிப் பதம் வந்துருச்சு பாரு அம்மணி!" என்று கத்துவாயே, அதே இழை. ஆனைமலைப் பக்கம் வெல்லம் காய்ச்சும் வீட்டில் பிறந்தவளுக்கு வேறெப்படிச் சொல்ல வரும்? பக்கத்து நாற்காலியில் நீ இல்லை. அழுகை வரவில்லை, எரிச்சல்தான் வந்தது.

அந்தப் பொள்ளாச்சிக்காரரின் சளி நினைவிருக்கிறதா? கிருமி தன்மேல் போர்த்திக்கொள்ளும் சர்க்கரை உறையை நாம் சட்டை என்போம். எந்த வகைச் சட்டை என்று அறிய, நம் கோவை ஆய்வகத்தில் வகைக்கு ஒன்றாக இருந்த சோதனைச் சீரங்களை ஒவ்வொன்றாகச் சொட்டுவிட்டுப் பார்த்தோம். ஒன்றோடும் சேரவில்லை. "இது பட்டியல்லயே இல்லாத புதுச் சட்டைங்க சார்" என்றாய். "வகைப்படாததுன்னு எழுதிப்போட்டு அடுத்ததைப் பாருங்கம்மா" என்றார் துறைத்தலைவர். நீ பேனாவைத் தொடவே இல்லை. பதிவேட்டில் எழுதியது நான்.

அதோடு விட்டேனா? நீ சொன்னது மெய்தானா என்று பார்க்க, அதே கிருமியைப் புதுப்புதுப் பிளேட்டுக்கு மாற்றி மாற்றி வளர்த்தேன். "சும்மா மாத்தீட்டே இருக்காத கண்ணு, சட்டையக் கழட்டிப்போட்டுரும்" என்றாய். கேட்டால்தானே! கழற்றியேவிட்டது. கொழகொழப்பு போய், வறண்ட புள்ளிகளாக நின்றது. பிளேட்டைப் பார்த்துவிட்டு நீ உன் வேலைக்குத் திரும்பினாய். ஏன்? என்னிடமாவது சண்டை போட்டிருக்கலாமே! எல்லாரிடமும் "சரிங்க, சரிங்க" என்றே இருந்து, ஒரு நாள் போயும் சேர்ந்துவிட்டாய்.

போன மாதம் மரபணு வரிசை வந்தது. அந்தக் கிருமிக்குச் சட்டை தைக்கும் மரபணுக்கள் தெரிந்த எந்த வகையோடும் பொருந்தவில்லை. நீ சொன்னதே சரி. ஆனால் புது வகை என்று காட்ட, சட்டையோடு உயிருள்ள கிருமி வேண்டும். என்னிடம் இருந்ததோ சட்டை போனது. உன்னைத் திட்டிக்கொண்டே மூன்று நாள் ஃப்ரீசரைக் குடைந்தேன். அடித்தட்டில், ஒரு பழைய பெட்டிக்குள், ஒரே ஒரு குப்பி. பெட்டி மூடியில் நீ ஒட்டிய சீட்டு: "அம்மணி, உன்னோடது சட்டையக் கழட்டுனப்புறம் இத எடு."

அந்தக் குப்பியிலிருந்து வளர்ந்ததுதான் இன்றைய இழை. பதிவேட்டில் என் எழுத்தை அடித்து, 'புதிய வகை' என்று எழுதி, உன் பெயரைப் போட்டேன். சீட்டு என் கைப்பையில் இருக்கிறது. நான் உன்னை நம்பவில்லை என்பது உனக்குத் தெரிந்தே இருந்திருக்கிறது.