குமிழி உடைக்கிற மனுஷன்

ஜூலை 14, திங்கள்

காலையிலேயே புழுக்கம். மழை வருகிற மாதிரி காட்டிவிட்டு வரவில்லை. தாம்பரம் மார்க்கெட்டில் முருங்கைக்காய், புளி, விளக்குமாறு. கேஸ் புக் பண்ண வேண்டும். இவரிடம் சொன்னால் நடக்காது, நானே.

ரிடயர் ஆனதிலிருந்து இவருக்கு ஒரே வேலை. போனில் கலர் கலராகக் குமிழி உடைப்பது. காபி ஆறி ஆடை படிகிறது, குமிழி உடைகிறது. கால் வந்தாலும் ஆட்டம் நிற்காது. ஸ்பீக்கரில் போட்டுவிட்டு, "ம்... ம்... சரி சரி" என்று ம் கொட்டிக்கொண்டே உடைக்கிறார்.

கேட்டால், "டைம் பாஸ்தானே எஸ்தர். நான் என்ன குடிக்கிறேனா?"

குடித்தாலாவது சர்ச்சில் நாலு பேரிடம் சொல்லி அழலாம். இதை யாரிடம் சொல்வது? அங்கேயும் பிரசங்கத்தின்போது பாதிப் பேர் வீடியோ தள்ளிக்கொண்டிருக்கிறார்கள்.

ஜூலை 15, செவ்வாய்

ஸ்கூலில் பேரண்ட்ஸ் மீட்டிங். தொண்டை கட்டிவிட்டது. எட்டாம் வகுப்பில் ஒருத்தன் கேம் ஆடி ஆடிக் கணக்கில் ஃபெயில். அவன் அம்மாவுக்கு நான் லெக்சர்: "வீட்ல பெரியவங்க கண்டிக்கணும்மா."

"எங்க மிஸ், அவுங்கப்பாவே போனும் கையுமா குந்திகினு கீறாரு."

ஹெச்.எம். பக்கத்தில் இருந்ததால் சிரித்து மழுப்பினேன்.

மகள் ஷைனிக்கு இன்று ஸ்கேன். நாலாம் மாதம். வீட்டுக்கு வந்ததும் இவரிடம் கேட்டேன். "மத்தியானம் பேசினா. எல்லாம் நல்லாதான் இருக்காம்." தலை நிமிரவில்லை.

ஏழரைக்குக் குடும்ப ஜெபம். மகள் கல்யாணமாகிக் கோயம்புத்தூர் போன பிறகும் இந்தப் பழக்கத்தை விடவில்லை. என் போனில் அவளைக் கூப்பிட்டு டீப்பாய் மேல் வைத்துவிடுவோம், அங்கிருந்தே சேர்ந்துகொள்வாள். நான் சங்கீதம் வாசித்தேன், இவர் ஜெபம். "ஷைனியின் வயிற்றிலிருக்கிற சிசுவை இம்மட்டும் காத்தீரே, ஸ்தோத்திரம் ஆண்டவரே. அதின் ஒவ்வொரு அவயவத்தையும் ஆசீர்வதியும்..." பாதியில் லைன் கட். திரும்பப் போட்டால் ஸ்விட்ச் ஆஃப். சார்ஜ் இல்லை போலிருக்கிறது.

ஜூலை 16, புதன்

எழுதவே மனமில்லை. இருந்தாலும் எழுதுகிறேன்.

மூன்றாம் பீரியடில் மாப்பிள்ளை பிரபு கூப்பிட்டார். வராண்டாவில் நின்று பேசினேன்.

"அத்தை, காலைலயே வந்துடுவீங்கன்னு ஷைனி வாசலையே பாத்துகிட்டு இருந்தா. ஏன் வரல?"

எதுக்கு என்றேன். அவர் சொன்னார். குழந்தைக்கு இதயத் துடிப்பு இல்லை. நேற்று ஸ்கேனில் தெரிந்ததாம். இன்று அட்மிட் பண்ணியாகிவிட்டது.

"மாமாகிட்ட நேத்தே அவளே சொன்னாளே அத்தை. 'சரிம்மா, அப்பா இருக்கேன்ல'ன்னாராம். அப்புறம் ஜெபத்துல அப்படி..."

சின்ன வயதிலிருந்தே எதையும் அப்பாவிடம்தான் முதலில் சொல்வாள். நான் கோபக்காரி, அவர் சாந்தம். அழுது முடித்து, தைரியத்தைக் கூட்டிக்கொண்டு அவரைக் கூப்பிட்டிருக்கிறாள். அவர் ஸ்பீக்கரில் போட்டுவிட்டுக் குமிழி உடைத்திருக்கிறார். அதே வாயால் சாயங்காலம் ஸ்தோத்திரம். அதையும் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்திருக்கிறாள் என் பிள்ளை.

அரை நாள் லீவ் போட்டு வந்து கத்தினேன். பக்கத்து வீட்டு ஜன்னல் திறந்தது. திறக்கட்டும்.

"எப்போ சொன்னா? எனக்கு... குரல் ஒரு மாதிரிதான் இருந்துச்சு. ஜலதோஷம்னு நெனச்சேன் எஸ்தர்."

ஜலதோஷமாம்! பிறகு எதற்கு என்னிடம் எல்லாம் நல்லாயிருக்கு என்று சொன்னீர்கள் என்றேன். போனைக் கவிழ்த்து வைத்தார். ஏதாவது சொல்லி என்னை அனுப்பிவிட்டால் ஆட்டத்தைத் தொடரலாம், அவ்வளவுதான்.

எவனோ ஏசி ரூமில் உட்கார்ந்து யோசித்து யோசித்துச் செய்திருக்கிறான் இந்த ஆட்டத்தை. கிழவன் எழுந்திருக்கப் பார்க்கிறான், உடனே ஒரு பரிசுப் பெட்டியைக் காட்டு என்று. அவன் விளங்கவே மாட்டான். விசுவாசி சாபம் விடக் கூடாது. விட்டுவிட்டேன்.

ட்ரெயினில் இடம் இல்லை. கிளாம்பாக்கம் போய் பஸ். பால்காரருக்குச் சொல்ல வேண்டும். ஷைனிக்கு நைட்டி இரண்டு, என் பிரஷர் மாத்திரை, பிளாஸ்க்.

ஜூலை 17, வியாழன். கோவை

ஆஸ்பத்திரி. எல்லாம் முடிந்துவிட்டது.

இங்கே குளிர்ந்த காற்று. போர்வை கொண்டுவரவில்லை. ஷைனி சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். என் குரல் கேட்டதும் கையை மட்டும் பின்னால் நீட்டினாள். பிடித்துக்கொண்டேன்.

இவர் கால்மாட்டில் நின்றார். பஸ்ஸிலேயே அந்த ஆட்டத்தை அழித்துவிட்டாராம். என்னிடம் சொல்லி என்ன பிரயோஜனம்?

"ஷைனி, அப்பாகிட்ட இன்னொரு தடவ சொல்லும்மா. இப்போ கேக்கறேன்."

திரும்பாமலே சொன்னாள். "முடியலப்பா. ஒரு தடவ சொல்லத்தான் தெம்பு இருந்துச்சு."

நர்ஸ் வந்து, ஒருத்தர் மட்டும் இருங்க என்றார். இவர் செருப்பைத் தேடிக்கொண்டு வெளியே போனார்.