என் முதல் கட்சிக்காரருக்கு

வாப்பா,

உம்மா கண்ணில் படக்கூடாது என்றுதான் இந்தச் சீட்டை உங்கள் சொங்கோக் தொப்பிக்குள் வைத்தேன். சட்டப் படிப்பு நேர்காணலுக்குக் கிள்ளான் பஸ்ஸைப் பிடிக்க ஓடுகிறேன். உம்மா பசாருக்குப் போயிருக்கிறார். மீன் ஆணம் அடுப்பில் இருக்கிறது. கடைக்குக் கிளம்பும்போது சாவியை மீட்டர் பெட்டிக்குள் வையுங்கள்.

"தப்பு செஞ்சவனுக்காகப் பொய் பேசுறது ஒரு பொழைப்பா? வேணாம் லா!" என்று நேற்று கத்தினீர்களே, எனக்கு இன்னும் கோபம்தான். நேர்காணலிலும் அதையே கேட்டால் என்ன சொல்வது என்று ஒரே உதறல். பதில் காலையில் ஃப்ரிட்ஜைத் திறந்ததும் கிடைத்துவிட்டது, ஹாஹா!

சாயங்காலம் வரும் ஃபாரூக் மாமா வீட்டாருக்காகச் வெல்லம் போட்டுச் செய்த வட்டலப்பத்தில் பாதியைக் காணோம். "உன் வாப்பாதான்! இனிப்பு நீர் உள்ள மனுசன் செய்ற வேலையா இது?" என்று உம்மா குதித்தார். நான் ஒரு பொய்கூடச் சொல்லவில்லை. "நீங்க கண்ணால பாத்தீங்களா, உம்மா?" என்று மட்டும் கேட்டேன். உம்மா திரும்பி நம் வீட்டுப் பூனையை முறைத்தார்!

இப்போது சொல்லுங்கள் வாப்பா, தப்பு செய்தவருக்கும் பேச ஓர் ஆள் வேண்டுமா, வேண்டாமா?

துஆ செய்யுங்கள்.
ஹிதாயா

மீதி வட்டலப்பத்தைத் தொடாதீர்கள்!

இன்னொன்று. நாளைக்குக் கிளினிக்கில் உங்களுக்கு ரத்தப் பரிசோதனை. அங்கே என் வாதம் எடுபடாது, உங்கள் ரத்தமே சாட்சி சொல்லிவிடும். ஆனாலும் கூட வருவேன்.