சீமாட்டி கறக்க விடமாட்டாள்

திங்கள், ஆஸ்பத்திரிக் கட்டில்

வந்து மூன்று வாரமாகியும் பையைப் பிரிக்காத மகாராணிக்கு,

காலில் மாவுக்கட்டு போட்டுவிட்டார்கள். ஆடு இழுத்து விழுந்தேன் என்றால் டாக்டர் சிரிக்கிறார். அவரை ஒரு நாள் சீமாட்டியிடம் அனுப்பவேண்டும். போனும் என்னோடு விழுந்து நொறுங்கிவிட்டது, அதனால் பால் வண்டிக்காரரிடம் இந்தச் சீட்டு. பதிலையும் அவரிடமே கொடு. என் கையெழுத்து கோணல்தான், சிரித்துக்கொள்.

மற்ற ஆடுகள் யார் கறந்தாலும் நிற்கும். சீமாட்டி என்னைத் தவிர யாரையும் தொடவிடமாட்டாள். சமையலறைக் கதவுக்குப் பின்னால் என் பழைய சட்டை தொங்குகிறது, போட்டுக்கொண்டு போ. வாசனையை வைத்து நான்தான் என்று ஏமாந்துவிடுவாள், அவ்வளவு அறிவு! ராத்திரித் துணைக்குப் பக்கத்து வீட்டுத் தையல்காரி வருவாள். குறட்டை விடுவாள், பொறுத்துக்கொள்.

பிள்ளைகளுக்கு வளர்ப்பு வீடு பார்த்துக் கொடுக்கிற ஆபீசரம்மாவிடம் வேறு வீடு வேண்டுமென்று கேட்டாயாமே. வெள்ளிக்கிழமை வருகிறாராம். கேட்டதில் தப்பே இல்லை. எனக்குத்தான் மருந்து கொஞ்சம் கூடுதலாகக் கசக்கிறது.

இப்படிக்கு,
ஒற்றைக்காலி


செவ்வாய்

மேடம்,

சட்டையைப் போடவில்லை. இதுவரை இருந்த எல்லா வீட்டிலும் அடுத்தவர் சட்டைதான் போட்டேன். ஒன்றில் காலருக்குள் வேறு ஒரு பெண்ணின் பெயர்கூடத் தைத்திருந்தது. இந்தப் பச்சைச் சட்டை ஒன்றுதான் கடையிலிருந்து நேராக எனக்கு வந்தது. அதோடுதான் கறக்கப் போனேன். உங்கள் ஆடு உதைத்து வாளி கவிழ்ந்தது.

நாய் என் செருப்பின் மேல் படுத்துக்கொண்டு எழ மாட்டேன் என்கிறது. இங்கே எதுவும் சொன்னபடி கேட்பதில்லை. என்னாலும் ஒரு இடத்தில் உட்கார முடியவில்லை. வெள்ளிக்கிழமை போகிறேன்.

இப்படிக்கு,
நான்


புதன்

மகாராணிக்கு,

மேடமா? ஆட்டுப் புழுக்கை அள்ளுகிற மேடத்தை எங்கேயாவது பார்த்திருக்கிறாயா? உன் சீட்டை நர்ஸிடம் காட்டினேன். கையில் ஊசியோடு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள், எனக்கு உயிரே போய்விட்டது.

சட்டை வேண்டாமென்றால் வேண்டாம். எனக்கு அது தோன்றாமல் போயிற்று. ஆனால் கறக்காமல் விட்டால் மடி கல்லாகிக் காய்ச்சல் வரும், ஆடே போய்விடும். தையல்காரிக்கு என் சட்டையை மாட்டி உள்ளே தள்ளு. பயந்தாங்கொள்ளி, கத்தினால் கத்தட்டும். போகப்போகிறவள் தலையில் வேலையைக் கட்டுகிறேனே என்று திட்டாதே. இங்கே படுத்தபடி நான் கூரையைத்தான் கறக்க முடியும்.

இப்படிக்கு,
மேடமாம் மேடம்


வெள்ளி

புழுக்கை மேடம்,

தையல்காரம்மா உங்கள் சட்டையோடு வந்தார், ஆடு தும்மியதும் ஓடிவிட்டார். மடி சூடாக இருந்தது. என் பச்சைச் சட்டையைச் சீமாட்டியின் கம்பத்தில் கட்டிவிட்டு, தழை போட்டுக்கொண்டு அங்கேயே உட்கார்ந்திருந்தேன். முகர்ந்தாள், முகர்ந்தாள், பிறகு சட்டைக் கை ஒன்றைத் தின்றுவிட்டாள். மறுநாள் காலையில் நின்றாள். அரை வாளி! மடி இளகிவிட்டது.

ஆபீசரம்மா வந்திருக்கிறார். வேறு வீடு வேண்டாம் என்றேன். “அதெப்படிம்மா, பெரியவங்க இல்லாத வீட்டுல உன்னை விட முடியும்? அவங்க கட்டைப் பிரிக்கிற வரைக்கும் வேற வீடுதான்” என்கிறார். “அப்ப ஆட்டை நீங்க கறக்குறீங்களா?” என்று கேட்டேன். சண்டை போட்டும் நடக்கவில்லை. மிச்சச் சட்டையைப் பால் வண்டிக்காரர் தோளில் போட்டுக் கறக்க வைத்துப் பார்த்தேன். நின்றாள். இரண்டு வேளையும் வருகிறேன் என்றிருக்கிறார்.

காரில் ஹார்ன் அடிக்கிறார்கள். ஒன்று கேட்கவேண்டும், பதிலைப் பால் வண்டிக்காரர் ஆபீசரம்மாவிடம் சேர்த்துவிடுவாராம். எத்தனையோ வீட்டிலிருந்து போயிருக்கிறேன், எதற்கும் திரும்பி வந்ததில்லை. எப்படி வருவது? கதவைத் தட்டவேண்டுமா?

இப்படிக்கு,
நான்தான்


சனி

அடி கிறுக்கி,

தட்டுவாளாம்! பின்வாசலைத் தோளால் ஒரு தள்ளு. பையை எங்கேயாவது போடு. “வந்துட்டேன்”னு கத்து. நான் எந்த மூலையில் இருந்தாலும் “இவ்வளவு நேரமா எங்கடி போய்த் தொலைஞ்சே?” என்று திட்டுவேன். நீ அதற்குப் பதில் சொல்லாமல் “பசிக்குது” என்பாய்.

திரும்பி வருவது அவ்வளவுதான்.

இப்படிக்கு,
திட்டுவதற்குக் காத்திருப்பவள்